பேய்க் கதைகளுக்கு நான் இட்ட மதிப்பெண்கள்



சென்ற ரமலானுக்கு முன்பாக வீட்டைச் சுத்தம் செய்தபோது, மர்ஹூம் என் அத்தா அவர்களின் பழைய கணக்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்க நேர்ந்தது. பற்றுவரவுச் சிட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அட்டையில் 'கணக்கு' என்று என் கையெழுத்து. அதைப் பிரித்துப் பார்த்த என் பேத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நன்னி, நீங்க பேய்க்கெல்லாம் மார்க் போட்டிருக்கீங்களே!" என்றாள்.

ஆம், போட்டிருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் படித்த பேய்க் கதைகள் ஒவ்வொன்றிற்கும் தலைப்பு, எங்கே கிடைத்தது, பத்துக்கு எத்தனை என்று எழுதி வைத்திருந்தேன். சில கதைகளுக்குத் தலைப்பு இல்லை. 'கிணற்றில் வளையல் சத்தம் வந்த கதை, முடிவு இல்லை, 9' என்றிருந்தது ஒரு வரி. 'டாக்டரின் பங்களா, முதல் பக்கம் இல்லை, 4' என்று இன்னொன்று. முடிவில்லாத கதைக்கு ஒன்பதும், முடிவுள்ள கதைக்கு நான்கும் ஏன் என்று பேத்தி கேட்டாள். அதற்கு விடை சொல்லப் போய், நாற்பத்தைந்து ஆண்டுகளாக நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றையும் அவளிடம் சொல்லும்படி ஆயிற்று. அதையே இங்கும் எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பேய்க் கதை படிக்கலாமா, கூடாதா என்று கேட்கும் தாய்மார்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

எங்கள் ஊர் திட்டக்குடி. வெள்ளாற்றின் கரையில் உள்ளது. விருத்தாசலத்திற்குப் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். விருத்தாசலம் என்றாலே வெளியூராருக்குப் பழமலைநாதர் கோயிலும் இரயில் சந்திப்பும் நினைவுக்கு வரும். எங்களுக்கு நினைவுக்கு வருவது பீங்கான். அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் அன்று பொம்மை, அகல் விளக்கு, கோப்பை, மின்சாரப் பியூஸ் கட்டைகள் என்று பலவும் சூளையேறின. அத்தா அவர்கள் வாரம் ஒருமுறை அங்கே சென்று, இரண்டாம் தரச் சாமான்களை மொத்தமாக எடுத்து வந்து எங்கள் கடைத்தெருவில் விற்றார்கள். முதல் தரம் பட்டணத்துக்குப் போய்விடும். எங்கள் ஊருக்கு வருவது, மெருகில் ஒரு புள்ளி விழுந்த கோப்பையும், மூக்கு சற்றுக் கோணிய பொம்மையுந்தான்.

ஒவ்வொரு சாமானையும் விரல் நகத்தால் சுண்டிப் பார்ப்பது அத்தா அவர்களின் வழக்கம். ணங்கென்று மணிபோல் ஒலித்தால் நல்லது. மொத்தென்று ஒலித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடுகிறது என்று பொருள். கொதிக்கும் தேநீரை ஊற்றினால் ஒருநாள் கையிலேயே பிளந்துவிடும். "புள்ளி விழுந்ததை விற்கலாம். விரிசல் விழுந்ததை விற்றால் ஹராம்" என்பார்கள். வெளியே அழகாகத் தெரியும் சாமானை அவர்கள் ஒதுக்கி வைத்ததையும், கோணல் மூக்குப் பொம்மையை மகிழ்வோடு விலை சொன்னதையும் பார்த்து வளர்ந்தவள் நான். எதற்கும் தரம் போடும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

கதைகள் வந்த வழியும் அந்தப் பீங்கான்தான். கோப்பைகள் உடையாதிருக்க வைக்கோலும் பழைய தாளும் வைத்துக் கட்டுவார்கள். அந்தத் தாள்கள் எல்லாம் எடைக்குப் போட்ட வார இதழ்களும் மாத நாவல்களும் ஆகும். கட்டைப் பிரிக்கும் வேலை எனக்கும் என் தங்கைக்கும். கசங்கிய தாளை நீவி நீவிப் பார்த்தால், எங்கோ ஒரு பங்களாவில் ஒருத்தி மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பாள். அறைக் கதவு தானே திறக்கும். அத்துடன் தாள் முடிந்துவிடும். அடுத்த பக்கம் எந்த ஊரின் எந்தக் கோப்பைக்குள் போயிற்றோ! நானும் தங்கையும் இரவெல்லாம் படுத்துக்கொண்டு கதவுக்கு அப்பால் இருந்தது என்ன என்று பேசிக்கொள்வோம். அவள் சொல்லும் விடை எப்போதும் என்னுடையதைவிடப் பயங்கரமாக இருக்கும். முடிவில்லாக் கதை ஒன்பது மதிப்பெண் வாங்கிய இரகசியம் இதுவே.

பிறகு கடைத்தெருவில் ஒரு வாடகை நூல் நிலையம் வந்தது. நாள் ஒன்றுக்குச் சில காசுகள். ராணி முத்து 1969-லேயே தொடங்கி மாதம் ஒரு நாவலைக் குறைந்த விலைக்குத் தந்துகொண்டிருந்ததால், அங்கே அட்டை கிழிந்த நாவல்களுக்குப் பஞ்சமில்லை. பேய்க் கதை மன்னர் என்று வாசகர்கள் அழைத்த பி.டி. சாமியின் நூல்கள் அலமாரியில் நிற்கவே நிற்காது. ஒருவர் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்தவர் கை நீட்டிவிடுவார். இலக்கியம் அறிந்தோர் அவரை மதிப்பதில்லை. எனக்கு அவர்பால் நன்றியுண்டு. எழுத்துக் கூட்டிப் படித்த எத்தனையோ பேரை, நூறு பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க வைத்தவர் அவர். அம்புலிமாமாவில் மாதந்தோறும் வரும் வேதாளத்திற்கும் நோட்டில் இடமுண்டு. தோளில் பிணத்தைச் சுமந்து வாளுடன் நடக்கும் விக்கிரமனைச் சங்கர் வரைந்திருந்த அந்தப் படத்தை மறந்தவர் யார்? 'பயம் 0, புத்தி 10' என்று எழுதியிருக்கிறேன். வேதாளம் கேள்வி கேட்கும் பேய். கேள்வி கேட்கிறவரிடம் பயப்பட என்ன இருக்கிறது?

எங்கள் நன்னிக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் இன்று நினைத்தால் நியாயமாகவே படுகிறது. "செத்தவங்க திரும்பி வரமாட்டாங்க. ரூஹு பர்ஸக்கிலே இருக்கு. ஜின்னு வேற, அது அல்லாஹ் படைச்ச படைப்பு. அதுக்கும் தொழுகை உண்டு, தோழமை உண்டு. நீ படிக்கிறது ரெண்டும் இல்லாத பொய்" என்பார்கள். ஆனால் அதே நன்னி, மஃரிபுக்குப் பின் முற்றத்தில் வெந்நீர் ஊற்றும்போது பிஸ்மி சொல்லாவிட்டால் திட்டுவார்கள். மையவாடிப் பக்கத்து ஆலமரத்தடியில் விரித்த தலையுடன் போகக் கூடாது என்பார்கள். மார்க்கம் ஒரு படி சொன்னால் ஊர்வழக்கு அதன்மேல் இன்னும் இரண்டு படி கட்டிவிடும் என்பதை அன்று நான் அறியவில்லை. முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில், வழிப்போக்கரை உருமாறி ஏமாற்றும் 'கூல்' என்ற பாலைவனப் பிசாசைப் பற்றி அரபிகள் கொண்டிருந்த நம்பிக்கையை நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி இருக்கிறது என்பதையும் வெகு நாள் கழித்தே படித்தேன்.

1979-ஆம் ஆண்டு மழைக்காலம். தங்கைக்குப் பதினொரு வயது. ஒரு வெள்ளியிரவு, மின்சாரம் நின்றுபோன நேரத்தில், அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு கதை படித்துக் காட்டினேன். வெகுநேரம் விழித்திருந்தோம். விடியலில், சுபுஹு பாங்குக்குச் சற்று முன்பு, அவள் பாயில் கிடந்து துடித்தாள். கண் மேலே செருகிவிட்டது, வாயில் நுரை, நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. இரண்டு நிமிடம் இருக்கலாம். எனக்கு அது ஓர் இரவாகத் தோன்றியது. அடங்கிய பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வையில் என்னை அடையாளம் தெரியவில்லை.

நன்னி விளக்கையும் புத்தகத்தையும் பார்த்தார்கள். "நான் அன்றே சொன்னேனே" என்ற ஒரு சொல்தான். என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அன்று காலை வீட்டிலிருந்த கதைத் தாள்கள் எல்லாம் அடுப்பில் போயின. நோட்டை மட்டும் அத்தா அவர்களின் பெட்டிக்குள் தள்ளிவிட்டேன். அட்டையில் 'கணக்கு' என்று எழுதியிருந்ததால் அது தப்பியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். அடுத்த மாதம் மறுபடியும் துடிப்பு வந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடியும். ஓதிய தண்ணீர், தாயத்து, தட்டில் எழுதிக் கரைத்துக் குடித்தல் என்று தொடங்கி, மந்திரிப்பவர் என்று பெயர் வாங்கிய ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வெளியூரில் அவர் வைத்திருந்த கொட்டகையில் உம்மாவும் தங்கையும் நாற்பது நாள் தங்கினார்கள். பிரம்பால் அடித்து, மிளகாய்ப் புகை காட்டி, "நீ யார், பெயரைச் சொல்" என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். பதினொரு வயதுப் பிள்ளை என்ன பெயரைச் சொல்லும்? அடி தாங்காமல், நான் படித்துக் காட்டிய கதையில் வந்த பேயின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

வாசக நெஞ்சங்களே, அந்தப் பெயரை உம்மா ஊருக்கு வந்து சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கதையிலிருந்த பேய் நிசமாகவே அவளுக்குள் போய்விட்டது, அதை அனுப்பியவள் நான் என்று முழுதாக நம்பினேன். இரண்டு ஆண்டுகள் அந்தச் சுமையுடனே பள்ளிக்கூடம் போனேன். ஒரு வரிக் கதை படிக்கவில்லை. தங்கையும் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டாள். பேய் பிடித்த பெண் என்று தெருவில் பெயர் ஆகிவிட்டது.

மீட்சி பீங்கான் கடைக்கே வந்தது. ஊறுகாய் ஜாடி வாங்க வந்த ஆசிரியை ஒருவர், தங்கை கடை வாசலில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தார். அவள் தலைக்கடியில் தம் பையை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடிவந்தவரைத் தடுத்து நிறுத்தினார். "இது காக்காய் வலிப்புங்க. மூளை சம்பந்தப்பட்ட வியாதி. புதுச்சேரி ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அத்தாவிடம் சொன்னார். அத்தா அவர்கள் அன்றிரவு வெகுநேரம் கடையிலேயே இருந்தார்கள். மறுநாள் முதல் பேருந்தில் நாங்கள் மூவரும் புறப்பட்டோம். விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி என்று மூன்று பேருந்துகள். நானும் வருவேன் என்று அடம்பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மருத்துவரிடம் நான் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்டேன். "நான் பேய்க் கதை படித்துக் காட்டினதால்தான் வந்தது" என்று அழுதேன். அந்த மருத்துவர் சிரிக்கவில்லை. கதையால் இந்த நோய் வராது என்று பொறுமையாக விளக்கினார். மூளையின் மின்னோட்டத்தில் திடீரென்று ஏற்படும் குழப்பமே வலிப்பு. அதற்கு நாளும் தவறாமல் மாத்திரை வேண்டும் என்றார். பிறகு, "ஆனால் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். கதையைப் பகலில் படி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் எனக்குப் பாதிக் குற்றத்தைத் தள்ளுபடி செய்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தார் என்றே இன்றுவரை நினைக்கிறேன். தங்கை ஆறு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டாள். அல்ஹம்துலில்லாஹ், பிறகு அது அவளை விட்டது.

நம் முன்னோருக்கு இது தெரியாத ஒன்றல்ல. கி.பி. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்னு ஸீனா தம் மருத்துவப் பெருநூலில் வலிப்பை மூளையின் நோய்களுள் வைத்துப் பேசியிருக்கிறார். வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்ட செய்தி புகாரியில் உண்டு. அந்தப் பெண்மணியைக் கட்டவோ, அடிக்கவோ, பெயர் கேட்கவோ அங்கே எவரும் இல்லை.

மீண்டும் படிக்கத் தொடங்கியது விருத்தாசலத்தில் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். அங்கே நூலகத்தில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' தொகுப்பு கையில் கிடைத்தது. 1943-இல் வந்த கதை அது. ஓர் எழுத்தாளர் வீட்டுக்கு எங்கிருந்தோ ஒருத்தி வந்து சேர்கிறாள். மனைவி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். இரவில் வீட்டுக்குள் ஒரு நாற்றம் வருகிறது, போகிறது. அவ்வளவுதான். வந்தவள் யார் என்பதைக் கடைசி வரை உறுதியாகச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். படித்து முடித்தபோது, கோப்பைக் கட்டிலிருந்து எடுத்த முடிவில்லாத தாள் ஒன்றைப் படித்த உணர்வு வந்தது. சுண்டிப் பார்த்தேன், ணங்கென்று ஒலித்தது. பத்துக்குப் பத்து. இந்தப் புதுமைப்பித்தன் 1906-இல் நம் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், அவருடைய இயற்பெயரே விருத்தாசலம் என்று அறிந்தபோது, நோட்டு கையில் இருந்தால் இன்னும் ஒரு மதிப்பெண் கூட்டியிருப்பேன்! ஊர்ப்பாசம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆங்கிலத் துணைப்பாடத்தில் வந்த 'குரங்கின் பாதம்' என்னும் கதையும் அப்படித்தான். டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதியது. இந்தியாவிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவர், உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்றை ஒரு குடும்பத்திடம் கொடுக்கிறார். அதற்கு மந்திரம் ஏற்றியவர் ஒரு ஃபக்கீர். விதியோடு விளையாடுவோர் துன்பமே அடைவர் என்று காட்டுவதற்காக, மூவருக்கு மும்மூன்று வேண்டுதல்கள் என்று வைத்தாராம். இருநூறு பவுண்டு வேண்டுமென்று தந்தை கேட்கிறார். மறுநாள் மகன் ஆலையில் இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான்; நிறுவனம் கொடுக்கும் தொகை இருநூறு பவுண்டு. மகனை மீட்டுத் தரும்படி இரண்டாவது வேண்டுதலைத் தாய் வைக்கச் செய்கிறாள். இரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் தந்தை மூன்றாவது வேண்டுதலைச் சொல்லிவிடுகிறார். திறந்தால் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது.

தட்டியது யார் என்று ஜேக்கப்ஸ் காட்டவே இல்லை. பேயைக் காட்டாத பேய்க் கதை! நம் ஊர்க் கதைகளில் மூன்றாம் பக்கத்திலேயே வெள்ளைச் சேலை வந்துவிடும். கத்ரை நம்பும் நம் வீடுகளில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் படித்துக் காட்டலாம். என் மாணவிகளுக்கு நான் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன்.

அரபு உலகின் பெயரைச் சொல்லிப் பயம் காட்டும் மேனாட்டுக் கதைகள் பலவற்றையும் பிறகு தேடிப் படித்தேன். நாம் மேலே கண்ட 'கூல்' என்ற சொல்தான் ஆங்கிலத்திற்குப் போய்ப் பிணந்தின்னும் பேய்க்குப் பெயராயிற்று. ஆயிரத்தொரு இரவுகளை 1704 முதல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட கலான் என்பவரின் தொகுப்பில், சீதி நுஅமான் கதை என்று ஒன்று வருகிறது. புதுமணப்பெண் சோற்றை ஊசி போன்ற ஒன்றால் ஒவ்வொரு பருக்கையாகக் குத்தி எடுத்துத் தின்கிறாள். கணவனுக்கு ஐயம். இரவில் பின்தொடர்ந்தால் அவள் மையவாடிக்குப் போகிறாள். இனி என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எனக்கு அந்தப் பருக்கைதான் பயம் தந்தது, மையவாடி தரவில்லை. அமெரிக்கரான லவ்கிராஃப்ட், அப்துல் அல்ஹஸ்ரத் என்ற 'பித்துப் பிடித்த அரபி' எழுதியதாக ஒரு மந்திர நூலைக் கற்பனை செய்தார். அப்படி ஒரு நூலே இல்லை. அரபு இலக்கணப்படி அப்படி ஒரு பெயரும் அமையாது. ஆயிரத்தொரு இரவுகளைப் படித்த பிள்ளைப் பருவத்தில் ஆசையாய் வைத்துக்கொண்ட பெயராம். பெயருக்காக ஒரு மதிப்பெண் குறைத்தேன். அவருடைய கடலும் இருளும் நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் இந்த ஆண்டுகளில் என் அளவுகோல் மாறிவிட்டது. சிறு வயதில் பயம் ஒன்றே கணக்கு. இப்போது இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: இந்தக் கதையில் மந்திரவாதி வந்து என்ன செய்கிறார்? நம் பேய்க் கதைகளில் ஒரு பொது வார்ப்பு உண்டு. ஒரு பெண்ணுக்கு ஏதோ ஆகிறது, வைத்தியர் கைவிரிக்கிறார், படித்த மாப்பிள்ளை கேலி செய்கிறார், கடைசியில் சாமியாரோ, ஓதிப் பார்ப்பவரோ வந்து அடித்து விரட்ட, பெண் மயங்கி எழுந்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்கிறாள். எல்லோருக்கும் நிம்மதி. எழுத்தாளர் அதை விளையாட்டாகவே எழுதியிருப்பார். ஆனால் கொட்டகையில் பிரம்பு பிடித்த மனிதருக்கும், அவரை நம்பிய என் உம்மாவுக்கும் அந்த வரிசை மனப்பாடம். இத்தகைய கதையைச் சுண்டினால் எனக்கு மொத்தென்று ஒலிக்கிறது. மெருகு எவ்வளவு இருந்தாலும் விரிசல் விரிசல்தான்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் போயின. செய்தியை நாளிதழில் படித்தபோது என் தங்கை என் வீட்டில்தான் இருந்தாள். தாளை மடித்து வைத்துவிட்டுத் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். கொட்டகை என்ற ஒரு சொல் அவளுக்குப் போதும். நோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்திருக்கிறது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் 'தவா - துஆ' என்ற பெயரில் மருத்துவரும் ஓதுபவரும் ஒரே இடத்தில் இருந்து நோயாளரைப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். துஆவை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரையை மறைக்காதே என்பதுதான் பேச்சு.

கதைக்காரர்களிலும் இதை உணர்ந்தவர் இல்லாமலில்லை. 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதையைக் கொண்டு, 1990-களின் பிற்பகுதியில் 'மர்மதேசம்' தொடரில் 'விடாது கருப்பு' வந்தபோது, எங்கள் தெருவே ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் முன் கூடியது. காவல் தெய்வம் இரவில் குதிரையேறித் தண்டிக்கிறது என்று ஊர் நம்பும். இறுதியில் அந்த மர்மத்தின் பெரும்பகுதிக்கு ஒரு மனிதனின் பிளவுபட்ட மனம் காரணமாக நிற்கும். நம்பிக்கையையும் முழுதாக மறுத்துவிடாமல், மனநோயையும் நோய் என்றே காட்டிய அந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். எட்டு மதிப்பெண். இரண்டு குறைத்தது, இடையிடையே இழுத்ததற்காக.

தங்கையின் அளவுகோல் என்னுடையதைவிடக் கடுமையானது. ஆம், அவளும் பேய்க் கதை படிக்கிறாள். எங்கள் இருவரில் இன்று அதிகம் படிப்பவள் அவளே. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணிடம் கதையில் யாராவது ஒருவர், "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்கிறாரா என்று பார்ப்பாளாம். கேட்காத கதைக்குப் பூச்சியம். பேயின் பெயரைக் கேட்க ஆயிரம் பேர் வருவார்கள், பெண்ணின் பெயரைக் கேட்க ஆள் இருக்காது என்று அவள் சொன்னபோது, நான் பத்தும் ஒன்பதும் வழங்கிய கதைகளில் பாதி அவள் கணக்கில் தேறவில்லை. 'காஞ்சனை'க்கு ஆறுதான் தந்தாள். நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தும் அசையவில்லை.

ஆகவே, பிள்ளைகள் படிக்கலாமா என்று கேட்கும் தாய்மார்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வேன்: படிக்கட்டும். ஆனால் நீங்களும் உடன் படியுங்கள். எம்.ஆர். ஜேம்ஸ் என்று ஓர் ஆங்கில அறிஞர் இருந்தார். கேம்பிரிட்ஜில் பழஞ்சுவடிகளை ஆராய்ந்தவர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர்களைக் கூட்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாம் எழுதிய பேய்க் கதைகளைப் படித்துக் காட்டுவாராம். அவையே 1904-இல் நூலாக வந்தன. அறை நிறைய ஆள் இருக்கும்போது கிடைக்கும் பயம் வேறு. போர்வைக்குள் தனியாகக் கிடந்து நடுங்கும் பிள்ளையின் பயம் வேறு. படித்த பிறகு எதற்குப் பயந்தாய் என்று கேளுங்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இஷாவுக்குப் பிறகு வேண்டாம். பிள்ளைக்குத் துடிப்போ, நீண்ட நாள் தூக்கமின்மையோ, தனக்குத்தானே பேசும் நிலையோ கண்டால், புத்தகத்தை எரிக்க அடுப்பைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள்.

பேத்தி அந்த நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைத் தனக்கு வேண்டுமென்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். முதல் வரியாக அவள் எழுதியிருப்பது ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்'. ஏழு மதிப்பெண் போட்டிருக்கிறாள். பக்கத்திலேயே வேறொரு கையெழுத்தில் ஐந்து என்றிருக்கிறது. பெருநாளைக்கு வந்திருந்த சின்ன நன்னியின் வேலை அது. நான் இன்னும் படிக்கவில்லை. பகலில் படித்துவிட்டு, இன்ஷா அல்லாஹ், மூன்றாவது எண்ணை எழுத வேண்டும்.